புதன் கோள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (கொழும்பிலிருந்து வானம் பார்ப்பவர்களுக்கு)

செவ்வாயில் ரோவர் ஓடுகிறது, சனிக்கு வளையம் இருக்கிறது, வியாழனுக்குக் கூட்டம் கூட்டமாக நிலாக்கள் இருக்கின்றன, புதனில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பக்கம். சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள், அவர்களின் அம்மா அப்பா, மொட்டைமாடியில் நின்று வானம் பார்ப்பவர்கள், ஜாதகக் கட்டத்தோடு வருபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைச் சேர்த்திருக்கிறேன். ஒழுங்கு எதுவும் இல்லை, வேண்டியதை மட்டும் வாசித்தாலும் காணும்.

ஞாயிற்றுத் தொகுதியில் புதன் சரியாக எங்கே இருக்கிறது?

சூரியனிலிருந்து முதலாவது. சராசரித் தூரம் 5 கோடியே 79 இலட்சம் கிலோமீற்றர், அதாவது நமக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் புதன் விஷயத்தில் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் எட்டுக் கோள்களிலும் அதிகமாக நீண்டு இழுபட்ட பாதை இதனுடையதுதான்: கிட்ட வரும்போது 4 கோடியே 60 இலட்சம் கிலோமீற்றர், விலகிப் போகும்போது 6 கோடியே 98 இலட்சம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்திருங்கள், கீழே வரும் இரண்டு மூன்று விசித்திரங்களுக்கு இதுதான் காரணம்.

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் பாறைக் கோள்கள். கோள்கள் உருவான காலத்தில் சூரியனுக்கு அருகே இருந்த வெப்பத்தில் உலோகங்களும் பாறைக் கனிமங்களும்தான் திண்மமாக நிற்க முடிந்தது. நீர், மெதேன் போன்றவை உறைவதற்கு வெகு தூரம் வெளியே போகவேண்டியிருந்தது, அங்கேதான் வியாழனும் சனியும் பெருத்தன. உள்ளே இருந்தவற்றுக்குக் கிடைத்த பொருள் குறைவு, அதனால் உருவமும் சிறிது.

சூரியனுக்குக் கிட்ட இருப்பதால் அதுதானே மிகவும் சூடான கோள்?

இல்லை, அது வெள்ளி. புதனின் பகல் 430 பாகை செல்சியஸ் வரை ஏறும், ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைக்க அங்கே வளிமண்டலம் இல்லாததால் இரவில் மறை 180 வரை விழும். வெள்ளியில் காபனீரொட்சைட்டுப் போர்வை இரவு பகல் பாராமல் 465 பாகை அளவில் வைத்திருக்கிறது. பரீட்சைக்கு இந்த ஒரு வேறுபாட்டை விளங்கி எழுதினாலே புள்ளி கிடைக்கும்.

பூமிக்கு மிகக் கிட்டிய கோள் வெள்ளி என்றுதானே படித்தோம்?

கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிக அருகே *வந்து போகும்* கோள் எது என்றால் வெள்ளிதான். ஆனால் வருடக்கணக்கில் தினமும் தூரத்தை அளந்து சராசரி எடுத்தால் முதலிடம் புதனுக்கு. வெள்ளி தன் பாதையில் பாதிக் காலம் சூரியனுக்கு அந்தப் பக்கம் வெகு தூரத்தில் கிடக்கிறது, புதனோ சூரியனை விட்டு எங்கேயும் அதிகம் விலகுவதில்லை. இப்படிப் பார்த்தால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் கூடச் சராசரியில் மிகக் கிட்டியது புதன்தான். பிள்ளைகள் பரீட்சையில் "வெள்ளி" என்றே எழுதட்டும், வீண் வம்பு வேண்டாம்.

அவ்வளவு சின்னதை ஏன் கோள் என்கிறார்கள்?

விட்டம் 4,879 கிலோமீற்றர். வியாழனின் நிலா கனிமீடும் சனியின் நிலா டைட்டனும் இதைவிடப் பெரியவை, உண்மைதான். ஆனால் தராசில் வைத்தால் கதை மாறும்: கனிமீடை விடப் புதன் இரண்டு மடங்குக்கு மேல் கனம். கனிமீடில் பாதியளவு பனிக்கட்டி, புதனிலோ பெரும்பகுதி இரும்பு. அத்தோடு அது நேரடியாகச் சூரியனைச் சுற்றுகிறது, தன் பாதையில் வேறு பெரிய பொருள் எதுவும் இல்லை.

உள்ளே அவ்வளவு இரும்பு எப்படி வந்தது?

எனக்குப் புதனில் மிகப் பிடித்த கேள்வி இதுதான், இன்னும் சண்டை முடியாத கேள்வியும் கூட. கோளின் ஆரை 2,440 கிலோமீற்றர் என்றால், நடுவில் இருக்கும் இரும்பு அகணியின் ஆரை மட்டும் சுமார் 2,000 கிலோமீற்றர். பூமியில் அகணி ஆரையில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கொட்டை பெருத்து, சதை மெல்லிசாக ஒட்டியிருக்கும் காட்டு மாம்பழம் தெரியும்தானே, அதுதான் புதன்.

நீண்ட காலம் சொல்லப்பட்ட விளக்கம் இரண்டு. ஒன்று, ஆரம்பத்தில் பெரிய பொருள் ஒன்று மோதி மேலே இருந்த பாறை உறையை உரித்துக்கொண்டு போய்விட்டது. மற்றது, இளம் சூரியனின் வெப்பத்தில் மேற்பாறை ஆவியாகிப் போனது. 2011 மார்ச் முதல் 2015 ஏப்ரல் வரை புதனைச் சுற்றிய நாசாவின் மெசஞ்சர் விண்கலம் இரண்டையுமே சங்கடப்படுத்திவிட்டது: மேற்பரப்பில் கந்தகம், பொற்றாசியம், சோடியம் எல்லாம் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாக இருந்தன. இவை லேசான சூட்டிலேயே ஆவியாகி ஓடுகிற சாமான்கள். கோளையே உரிக்கும் அளவு வெப்பம் வந்திருந்தால் இவை எப்படி மிஞ்சின? ஆவியான கதையை இப்போது பெரிதாக யாரும் தூக்கிப் பிடிப்பதில்லை. மோதல் கதையை மாற்றி, புதன்தான் பெரிய ஒன்றை உரசிவிட்டுத் தப்பி ஓடியது என்றும், அந்தப் பகுதியில் தொடக்கத்திலேயே இரும்பு அதிகம் சேர்ந்தது என்றும் சொல்கிறார்கள். என் வாக்கு உரசலுக்கு, ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

அந்த அகணியில் இன்னும் ஒரு பகுதி உருகிய நிலையில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு சின்னக் கோளுக்குக் காந்தப்புலம் இருக்கிறது, பூமியினதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு. 1974 இல் நாசாவின் மரினர் 10 விண்கலம் அதைக் கண்டுபிடித்தபோது பலர் எதிர்பார்க்கவே இல்லை. பாறைக் கோள்களில் பூமிக்கு அடுத்து இன்றைக்கும் முழுக்கோளுக்குமான காந்தப்புலம் வைத்திருப்பது புதன் மட்டுமே.

அங்கே ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளமாமே?

ஆம், இதில் குழப்பமே "நாள்" என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான். புதன் சூரியனை ஒருமுறை சுற்ற நமது பூமிக் கணக்கில் 88 நாள். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 58.65 நாள். இரண்டு தடவை சூரியனைச் சுற்றும்போது சரியாக மூன்று தடவை தன்னைச் சுற்றுகிறது. ஆனால் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை பார்த்தால் 176 நாள், இரண்டு புதன் வருடம். காலையில் அங்கே போய் நின்றால் நண்பகலுக்கு ஒன்றரை மாதம் காத்திருக்கவேண்டும்.

அதிலும் வேடிக்கை இருக்கிறது. சூரியனுக்கு மிகக் கிட்ட வரும் நாட்களில் புதன் பாதையில் ஓடும் வேகம் கூடி, தன்னைச் சுற்றும் வேகத்தை முந்திவிடும். அப்போது அங்கிருந்து பார்த்தால் வானத்தில் சூரியன் நின்று, சுமார் எட்டு நாள் பின்னோக்கிப் போய், பிறகு மறுபடி முன்னே வரும். சில இடங்களில் சூரியன் உதித்து, மனம் மாறியது போல அதே பக்கம் மறைந்து, திரும்பவும் உதிக்கும். அந்தச் சூரியன் நாம் பார்ப்பதைவிட மூன்று மடங்கு அகலமாக வேறு தெரியும்.

சந்திரன் பூமிக்குக் காட்டுவது போலப் புதனும் சூரியனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்று பல காலம் நம்பினார்கள். கொழும்பு 7 இல் உள்ள கோள்மண்டலம் கட்டப்பட்ட அதே 1965 இல்தான் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ ராடார் அந்த நம்பிக்கையை உடைத்தது. இன்னும் "ஒரு பக்கம் எப்போதும் பகல்" என்று எழுதிய பழைய புத்தகம் வீட்டில் இருந்தால் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

காற்று இருக்கிறதா? நிலா?

மூச்சு விட ஒன்றும் இல்லை. சூரியக் காற்றும் நுண்கற்களும் மோதிக் கிளப்பும் சோடியம், ஒட்சிசன், ஐதரசன், ஈலியம் அணுக்கள் மெல்லியதாகச் சுற்றித் திரிகின்றன, அவ்வளவுதான். நிலா இல்லை. 1974 மார்ச்சில் மரினர் 10 புற ஊதா ஒளியில் எதையோ கண்டு "நிலா அகப்பட்டது" என்று இரண்டு மூன்று நாள் ஆரவாரம் நடந்தது, கடைசியில் பார்த்தால் பின்னணியில் இருந்த ஒரு நட்சத்திரம்.

430 பாகைச் சூட்டில் பனிக்கட்டி என்கிறார்களே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. புதனின் அச்சு ஏறக்குறையச் சாய்வே இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. அதனால் துருவங்களில் உள்ள ஆழமான குழிகளின் அடிக்குச் சூரிய வெளிச்சம் எப்போதுமே எட்டுவதில்லை. காற்றும் இல்லாததால் பக்கத்துச் சூடு அங்கே பரவ வழியில்லை. 1991 இல் பூமியிலிருந்து ராடார் அனுப்பிப் பார்த்தபோது அந்தக் குழிகள் பளிச்சென்று எதிரொலித்தன, பிறகு மெசஞ்சர் அது நீர்ப்பனிதான் என்பதைப் பலமாக உறுதிப்படுத்தியது.

கோள் சுருங்கிக்கொண்டு போகிறதாமே, காணாமல் போய்விடுமா?

போகாது. அந்தப் பெரிய இரும்பு அகணி ஆறிக் குறுக, மேலே இருக்கும் பாறை ஓடு இடம் பற்றாமல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மடிகிறது. இதுவரை ஆரையில் ஏழு கிலோமீற்றர் வரை குறைந்திருக்கலாம், அதுவும் நூற்றுக்கணக்கான கோடி வருடங்களில். அப்படி ஏறி நிற்கும் செங்குத்துச் சரிவுகளில் ஒன்று, டிஸ்கவரி என்று பெயர், நீளம் 600 கிலோமீற்றருக்கு மேல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை முழு இலங்கையும் சுமார் 435 கிலோமீற்றர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கலோரிஸ் என்ற மோதல் வடுவோ 1,550 கிலோமீற்றர் அகலம், இலங்கையை நீளவாக்கில் மூன்று தடவை அடுக்கினாலும் இடம் மிஞ்சும்.

தியாகராஜர் பெயரில் அங்கே ஒரு குழி இருப்பது உண்மையா?

உண்மை. புதனின் மோதல் குழிகளுக்கு மறைந்த கலைஞர்கள், எழுத்தாளர்கள், இசைக்காரர்கள் பெயரை வைப்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வழக்கம். காளிதாசர், வால்மீகி, வியாசர் எல்லோரும் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய அதே தியாகராஜருக்கும் ஒன்று உண்டு. 97 கிலோமீற்றர் அகலம், கொழும்பிலிருந்து கண்டிக்கு நேர்கோட்டில் பறக்கும் தூரம். பெயருக்காக மட்டும் சொல்லவில்லை: அதன் தரையில் கரை ஒழுங்கில்லாத, பளபளக்கும் பள்ளங்கள் நிறைய இருக்கின்றன. பாறையில் இருந்த ஏதோ ஒன்று ஆவியாகிப் போய், நிலம் உள்வாங்கி உண்டானவை என்று கருதுகிறார்கள். வேறு எந்தக் கோளிலும் இப்படிப் பார்த்ததில்லை, மேலே சொன்ன கந்தகக் கதைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கு அத்தனை விண்கலம், புதனுக்கு ஏன் இவ்வளவு குறைவு?

போவது கஷ்டம், நிற்பது அதைவிடக் கஷ்டம். சூரியனை நோக்கிப் போகும் எதுவும் விழுந்துகொண்டே வேகம் கூடும். வளிமண்டலம் இருந்தால் அதில் உரசி வேகம் குறைக்கலாம், புதனில் அது இல்லை. எல்லாவற்றையும் எரிபொருளால் பிரேக் பிடிக்கவேண்டும், அவ்வளவு எரிபொருளைத் தூக்கிக்கொண்டு யாரும் கிளம்ப முடியாது. அதனால் வழியில் உள்ள கோள்களின் ஈர்ப்பை உரசி உரசி வேகத்தைக் கழிக்கிறார்கள். 2004 ஓகஸ்டில் கிளம்பிய மெசஞ்சர் சுற்றுப்பாதையில் அமர ஆறரை வருடத்துக்கு மேல் ஆனது. அதற்கு முன் 1974, 75 இல் மூன்று தடவை பக்கத்தால் போன மரினர் 10 பாதிக் கோளைக் கூடப் படம் பிடிக்கவில்லை.

இப்போது வழியில் இருப்பது பெபிகொலம்போ, ஐரோப்பிய விண்வெளி முகவரகமும் ஜப்பானும் சேர்ந்து 2018 ஒக்ரோபரில் அனுப்பியது. பூமியை ஒரு தடவை, வெள்ளியை இரண்டு தடவை, புதனையே ஆறு தடவை கடந்து வேகத்தைக் கழித்தது. உந்துபொறிகளுக்குப் போகும் மின்சாரத்தில் கோளாறு வந்ததால் 2025 டிசம்பரில் சேரவேண்டியது 2026 நவம்பருக்குத் தள்ளிப்போனது.

பெபிகொலம்போவுக்கும் நமது கொழும்புக்கும் ஏதாவது தொடர்பு?

எதுவும் இல்லை. இத்தாலியின் பாதுவாவைச் சேர்ந்த ஜுசெப்பே கொலம்போ என்ற கணிதப் பேராசிரியரின் பெயர், பெபி அவருடைய செல்லப்பெயர். மூன்றுக்கு இரண்டு என்ற அந்தச் சுழற்சி விகிதத்தை விளக்கியவரும், மரினர் 10 ஐ ஒரு தடவைக்குப் பதில் திரும்பத் திரும்பப் புதனிடம் வரச் செய்யலாம் என்று வழி காட்டியவரும் அவர்தான்.

ஐன்ஸ்டைனுக்கும் புதனுக்கும் என்ன சம்பந்தம்?

புதனின் நீள்வட்டப் பாதை ஒரே இடத்தில் நிற்காமல் தானும் மெதுவாகத் திரும்புகிறது. மற்றக் கோள்களின் இழுப்பை எல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும், நூற்றாண்டுக்கு 43 விகலை மிச்சம் நின்றது. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் வருவது ஒரு விகலை, எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 1859 இல் இந்த மிச்சத்தைச் சுட்டிக்காட்டிய பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, உள்ளே இன்னொரு கோள் ஒளிந்திருக்கவேண்டும் என்றார். அவர் சாதாரண ஆள் இல்லை, நெப்டியூனை இப்படிக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்க வைத்தவர். அந்த இல்லாத கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்து, ஒவ்வொரு முழுச் சூரிய கிரகணத்திலும் தேடினார்கள். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டைப் போட்டுப் பார்த்தபோது அந்த 43 அப்படியே வந்து விழுந்தது. வல்கன் அன்றோடு செத்தது.

புதன் வக்கிரம் என்று காலண்டரில் போடுகிறார்களே, அப்போது கோள் உண்மையிலேயே பின்னோக்கிப் போகிறதா?

இல்லை. உள்பாதையில் வேகமாக ஓடும் புதன் நம்மை முந்திப் போகும் நாட்களில், நட்சத்திரப் பின்னணியில் அது பின்னே நகர்வது போல நமக்குத் தெரிகிறது. வருடத்துக்கு மூன்று தடவை அளவில், ஒவ்வொன்றும் சுமார் மூன்று வாரம். பலன் என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள், ஆனால் கடன் விண்ணப்பத்தைத் தள்ளிப் போட இது காரணமாகாது.

கொழும்பிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா?

தாராளமாக. "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்ற பழமொழியைக் கோளுக்கும் பொருத்திச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் கொழும்பில் நிற்பவர் அப்படிச் சலித்துக்கொள்ளத் தேவையில்லை. புதன் சூரியனை விட்டு வானத்தில் 18 முதல் 28 பாகைக்கு மேல் விலகாது. உயரமான அட்சரேகையில் உள்ள நாடுகளில் கோள்கள் நகரும் அந்தப் பாதை அடிவானத்தோடு சரிந்து கிடக்கும், விலகியிருந்தும் பயனில்லாமல் புதன் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். நாமோ வடக்கே 7 பாகையில் இருக்கிறோம். எந்த மாதமும் அந்தப் பாதை 60 பாகைக்குக் குறையாமல் நிமிர்ந்து நிற்கும், விலகிய தூரம் பெரும்பாலும் உயரமாகவே கிடைக்கும்.

மாலையில் தெரியும் வாய்ப்பு வருடத்துக்கு மூன்று தடவை அளவில் வரும், ஒவ்வொன்றிலும் நல்ல நாட்கள் ஒன்றிரண்டு வாரம். திகதியை ஏதாவது ஒரு வான வரைபட செயலியில் பாருங்கள், "மாலை அதியுயர் விலகல்" என்று வரும் நாளுக்கு முன் ஒரு வாரம் சிறந்தது, அப்போதுதான் கூடுதல் பிரகாசம். ஜனவரி முதல் மார்ச் வரை அமைந்தால் அதிர்ஷ்டம், மேற்கு வானம் ஓரளவு துப்புரவாக இருக்கும். ஜூன் மாத வாய்ப்பை தென்மேற்குப் பருவக்காற்று முகில் தின்றுவிடும்.

இடம் என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மரைன் டிரைவ் போதும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், படம் எடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் ஏறாதீர்கள். பெப்ரவரியில் சூரியன் 6.20 அளவில் மறையும். உடனே தேடினால் வானம் வெளிச்சமாக இருக்கும், ஒன்றும் தெரியாது. 6.50 போலப் பாருங்கள்: சூரியன் மறைந்த இடத்திலிருந்து நேர் மேலே, கையை நீட்டிப் பிடித்த ஒரு முட்டி உயரத்தில், லேசாக மஞ்சள் ஏறிய ஒரு புள்ளி. கடல் மேல் உள்ள புழுதிக்குள் கொஞ்சம் மின்னும். கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை என்றால் அது வெள்ளி. நங்கூரமிட்ட கப்பலின் விளக்கைப் புதன் என்று காட்டுபவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், கடற்கோட்டோடு ஒட்டி நின்று கீழே இறங்காமல் இருந்தால் அது கப்பல்தான். 7.15 தாண்டினால் புழுதிக்குள் மங்கிவிடும், ரீ குடிக்கப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று நினைக்கவேண்டாம்.

காலி முகத்திடலிலும் பார்க்கலாம், ஆனால் துறைமுக நகரப் பக்க வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் தெற்கே நடந்து போய் நில்லுங்கள். விடியற்காலை வாய்ப்பு என்றால் கிழக்கே கட்டிடங்கள் மறைக்கும், உயரமான மொட்டைமாடி வேண்டும்.

பைனாகுலர் உதவும், *சூரியன் முழுதாக மறைந்த பிறகு மட்டும்*. விடியற்காலையில் என்றால் உதயத்துக்கு முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். கண் போனால் போனதுதான்.

லண்டனில் இருக்கும் மச்சான் ஒரு தடவையும் காணவில்லை என்கிறார், பொய்யா?

பொய் இல்லை, பாவம். அங்கே இலையுதிர்கால மாலைகளில் அந்தப் பாதை அடிவானத்தோடு வெறும் 15 பாகையில் படுத்திருக்கும். மார்ச், ஏப்ரல் மாலைகளில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விடுமுறைக்கு இங்கே வரும்போது காட்டுங்கள்.

தொலைநோக்கியில் என்ன தெரியும்?

பிறை. சந்திரனைப் போலத் தேய்ந்து வளரும், அவ்வளவுதான். குழிகள் தெரியும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்.

சூரியனுக்குக் குறுக்கே புதன் போவதை எப்போது பார்க்கலாம்?

நூற்றாண்டுக்கு 13 தடவை அளவில் நடக்கும், எப்போதும் மே அல்லது நவம்பரில். 2019 நவம்பர் 11 இல் நடந்தது நமக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு தொடங்கியதால் கொழும்புக்குத் தப்பிவிட்டது. அடுத்தது 2032 நவம்பர் 13, இலங்கை நேரப்படி மதியம் 12 மணி கடந்து தொடங்கி மாலை நாலரை அளவில் முடியும், முழுவதும் நமக்குப் பகல். புதன் மிகச் சின்னப் புள்ளி என்பதால் கிரகணக் கண்ணாடி மட்டும் போதாது, முன்பக்கத்தில் சரியான சூரிய வடிகட்டி பூட்டிய தொலைநோக்கி வேண்டும், அல்லது பிம்பத்தை வெள்ளை மட்டையில் விழுத்திப் பார்க்கவேண்டும். நவம்பர் பின்னேரத்தில் கொழும்பில் இடியும் மழையும் எத்தனை மணிக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் தொடக்கத்தை விட்டுவிடாதீர்கள். முழுவதும் கெட்டுப்போனால் அதற்கடுத்தது 2039 நவம்பர் 7, அதுவும் நமக்கு மத்தியானம்தான்.